ஆறு முடிந்து ஏழாம் மாதம்: எதெல்லாம் சகஜம், எதற்கு உடனே ஓட வேண்டும்?

கவின்மலர்

வணக்கம் தோழிகளே. இது எனக்கு முதல் குழந்தை. 25 வாரம் முடியப்போகிறது. கும்பகோணம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் மாமியார் வீட்டில் இருக்கிறேன். கணவருக்கு ஓசூரில் வேலை. மசக்கை நாலாம் மாசத்தோடு நின்றுவிட்டது. இருபதாவது வார ஸ்கேனில் எல்லாம் நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். அதற்கப்புறம் கொஞ்ச நாள் நிம்மதியாகத்தான் இருந்தேன். இப்போது மறுபடி ஒவ்வொன்றாக வருகிறது.

ராத்திரி தூக்கத்தில் கெண்டைக்காலில் குரக்குவலி பிடித்து இழுக்கிறது. சாப்பிட்டுப் படுத்தால் நெஞ்செரிச்சலும் புளித்த ஏப்பமும். சட்டென்று எழுந்தால் தொடைக்கு மேலே, அடிவயிற்றின் ஓரத்தில் சுருக்கென்று குத்துகிறது. இதையெல்லாம் பொறுத்துக்கொள்கிறேன். எனக்குப் பயமாக இருப்பது வேறு ஒன்று. சில நேரம் வயிறு முழுக்கக் கல் மாதிரி இறுகுகிறது, கொஞ்ச நேரத்தில் தளர்ந்துவிடுகிறது. வலி பெரிதாக இல்லை. "சூட்டு வலிதான்மா" என்று அத்தை சீரகக் கஷாயம் போட்டுக் கொடுத்தார். குடித்தேன், நின்றது. ஆனாலும் மனசு கேட்கவில்லை. அடுத்த செக்கப்புக்கு இன்னும் நாள் இருக்கிறது. இந்தக் கட்டத்தைத் தாண்டியவர்கள் சொல்லுங்களேன்.

ரேவதி_ஈரோடு

வாழ்த்துகள் கவின். எனக்கு இரண்டாவது, இப்போது 31 வாரம். நீ சொன்ன எல்லாமே எனக்கும் இரண்டு தடவையும் வந்தது.

குரக்குவலி வந்தால் காலை நீட்டி, பாதத்தை உன் முகத்தைப் பார்த்து மடக்கு. குதிகால் முன்னால் தள்ளி இருக்க வேண்டும். விரல்களைக் கீழ்ப்பக்கம் நீட்டினால் பிடிப்பு இன்னும் கூடும். படுக்கப் போகும் முன் சுவரில் கை ஊன்றி, குதிகாலைத் தரையில் பதித்துக் கொஞ்ச நேரம் கெண்டைக்காலை நீட்டிவிட்டுப் படுத்தால் எனக்கு நன்றாகவே குறைந்தது.

நெஞ்செரிச்சலுக்கு ராத்திரிச் சாப்பாட்டை ஏழு, ஏழரைக்குள் முடித்துவிடு. சாப்பிட்டதும் படுக்காதே. தலைப்பக்கம் இரண்டு தலையணை வைத்து இடது பக்கமாகப் படு. அடங்கவில்லை என்றால் டாக்டரிடம் கேள், கர்ப்பத்தில் குடிக்கக்கூடிய மருந்துகள் இருக்கின்றன. கடையில் நீயாக வாங்கிக் குடிக்காதே.

ஓரத்தில் சுருக்கென்று குத்துவது கர்ப்பப்பையைத் தாங்கும் தசைநார் இழுபடுவதால். படுக்கையிலிருந்து எழும்போது நேராக எழாமல் ஒருக்களித்து, கையை ஊன்றி எழு.

வயிறு இறுகுவது பற்றி எனக்கு உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. செவிலி அக்கா வந்து சொல்லட்டும்.

கிராம_செவிலி

கவின்மலர், நான் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இந்த ஆறு, ஏழாம் மாசத்தைத்தான் நம் வீடுகளில் எல்லோரும் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். மசக்கை போய்விட்டது, பிரசவத்துக்கு நாள் இருக்கிறது, அதனால் இப்போது ஒன்றுமில்லை என்று ஒரு நினைப்பு. சர்க்கரை ஏறுவது, ரத்தம் குறைவது, பிரஷர் தலைகாட்டுவது எல்லாம் சத்தமில்லாமல் தொடங்குவது பெரும்பாலும் இப்போதுதான்.

முதலில் கணக்கு. மாசத்தை விட்டுவிட்டு வாரத்தைப் பிடித்துக்கொள். கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுவது அது. "ஆறு நடக்குது" என்று ஒருவர் சொல்வார், "ஆறு முடிஞ்சிருச்சு" என்று இன்னொருவர் சொல்வார், இரண்டுக்கும் நடுவில் ஒரு மாசம் தப்பிப்போகும். மருத்துவமனையில் எதைக் கேட்டாலும் வாரத்தில் சொல். 28 வாரம் தொடங்கினால் மூன்றாம் பருவம்.

உன் குழந்தை இப்போது முக்கால் கிலோவுக்குப் பக்கத்தில் இருக்கும். 28 வாரத்தில் ஒரு கிலோ வரும். வெளிச் சத்தம் கேட்கத் தொடங்கியிருக்கும், குக்கர் விசிலுக்குத் துள்ளும். அசைவு இப்போது நாளுக்கு நாள் மாறும். ஒரு நாள் ஓயாமல் உதைக்கும், ஒரு நாள் அமைதியாக இருக்கும். 28 வாரத்திலிருந்துதான் அதற்கென்று ஒரு ஒழுங்கு தெரியும். அப்போது சாப்பிட்டபின் இடது பக்கம் படுத்து எண்ணு. இரண்டு மணி நேரத்தில் பத்து அசைவு இருக்க வேண்டும். ஸ்கேன் சீட்டில் நஞ்சு (நஞ்சுக்கொடி) முன்பக்கம் என்று போட்டிருந்தால் உதை மெத்தென்று, கொஞ்சம் தாமதமாகத் தெரியும், அதில் தப்பில்லை. ஆனால் 24 வாரம் தாண்டியும் அசைவே தெரியவில்லை என்றால் அன்றைக்கே போய்ப் பார்க்க வேண்டும். வழக்கமாக அசையும் குழந்தை அசையவில்லை என்றாலும் அப்படியே.

இப்போது உன் பயத்துக்கு வருகிறேன். இறுகித் தளர்வது பெரும்பாலும் கர்ப்பப்பை பழகிப் பார்ப்பதுதான். ஒழுங்கில்லாமல் வரும். தண்ணீர் குடித்து, சிறுநீர் கழித்துவிட்டு, ஒருக்களித்துப் படுத்தால் போய்விடும். வெயிலில் நின்ற நாளிலும் தண்ணீர் குறைந்த நாளிலும் கூடுதலாக வரும். கஷாயத்தில் நின்றது என்கிறாயே, அந்த ஒரு டம்ளர் நீரும் நீ உட்கார்ந்து குடித்த ஓய்வும் சேர்ந்தே நிறுத்தியிருக்கலாம்.

ஆனால் மணிக்கு நாலைந்து தடவைக்கு மேல் இறுகினால், ஓய்வெடுத்தும் நிற்காமல் ஒரே இடைவெளியில் வந்தால், இடுப்பு வலி சுற்றி வந்தால், அடியில் கனம் இறங்குகிற மாதிரி இருந்தால், ரத்தமோ தண்ணீரோ பட்டால், அது எந்த நேரமாக இருந்தாலும் கிளம்ப வேண்டும். 37 வாரத்துக்கு முன்னால் வரும் வலியை வீட்டில் வைத்துப் பார்க்கவே கூடாது.

தேன்மொழி_மதுரை

சர்க்கரை டெஸ்ட் பற்றியும் கொஞ்சம் சொல்லுங்கள் அக்கா. எனக்கு 26 வாரம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சாப்பிட்டுவிட்டே வரச் சொல்கிறார்கள். நான் காட்டும் தனியார் டாக்டர் வெறும் வயிற்றில் வரச் சொல்கிறார். எது சரி? எனக்கு மூன்றாம் மாசத்தில் ஒரு தடவை எடுத்து நார்மல் என்று வந்துவிட்டது, திரும்ப எதற்கு?

கிராம_செவிலி

இரண்டுமே சரிதான். முறைதான் வேறு. சுகாதார நிலையத்தில் செய்வது டிப்சி முறை. கடைசியாக எப்போது சாப்பிட்டாய் என்ற கணக்கே கிடையாது. 75 கிராம் குளுக்கோஸை சுமார் 300 மில்லி தண்ணீரில் கரைத்து ஐந்து, பத்து நிமிடத்துக்குள் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். 140 அல்லது அதற்கு மேல் என்றால் கர்ப்பகால சர்க்கரை. வயிற்றுப் பிள்ளைக்காரி தூரத்திலிருந்து பஸ் பிடித்து வெறும் வயிற்றோடு வர முடியாது, வந்தாலும் மயங்கிவிடுவாள் என்பதை உணர்ந்து வந்த முறை இது. இதற்காகப் பல ஆண்டுகள் உழைத்தவர் சென்னையைச் சேர்ந்த டாக்டர் வி. சேஷய்யா. 2022-இல் பத்மஸ்ரீ பெற்றார். அவர் பிறந்த மார்ச் 10-ஐத்தான் கர்ப்பகால சர்க்கரை விழிப்புணர்வு நாளாக இந்தியாவில் வைத்திருக்கிறார்கள். நம் ஊர்ப் பெண்களின் நிலைமையை நினைத்து ஒருவர் இப்படி யோசித்தாரே என்று எனக்கு எப்போதும் நன்றி உண்டு.

தனியாரில் வெறும் வயிற்றில் எடுத்து, குடித்தபின் ஒரு மணி, இரண்டு மணி என்று மூன்று தடவை ரத்தம் எடுப்பார்கள். அதில் வரம்பு 92, 180, 153. மூன்றில் ஒன்று எட்டினாலே சர்க்கரை என்று கணக்கு.

திரும்ப எடுப்பது எதற்கு என்றால், நஞ்சு வளர வளர அதில் சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினை வேலை செய்யவிடாமல் தடுக்கும். அது வலுக்கும் நேரம்தான் 24 முதல் 28 வாரம். மூன்றாம் மாசத்து நார்மல் இப்போது செல்லாது.

குடித்த அரை மணிக்குள் வாந்தி எடுத்தால் மறுநாள் திரும்பச் செய்ய வேண்டும். அரை மணி தாண்டி எடுத்தால் பரிசோதனை தொடரும். நடுவில் நடக்காமல் உட்கார்ந்தே இரு.

சர்க்கரை வந்துவிட்டால் அழ வேண்டாம். முதல் இரண்டு வாரம் சாப்பாட்டு முறையும் நடையும்தான். சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 120-க்குக் கீழே வராவிட்டால்தான் மருந்தோ இன்சுலினோ. இன்சுலின் குழந்தைக்குப் போகாது. போட்டால் பழகிவிடும் என்று பயந்து தள்ளிப்போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நஞ்சு வெளியே வந்ததும் பெரும்பாலானவர்களுக்குச் சர்க்கரை இறங்கிவிடும். ஆனால் குழந்தைக்கு ஆறு வாரம் ஆனதும் தாய்க்கு ஒரு தடவை கட்டாயம் பார்க்க வேண்டும். அதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

மதன்_நெல்லை

அக்கா, இங்கே ஆண்கள் எழுதலாமா தெரியவில்லை. என் மனைவிக்கு 24 வாரம். ஹீமோகுளோபின் 9.4 என்று வந்திருக்கிறது. இரும்புச்சத்து மாத்திரை போட்டால் மலம் கறுப்பாகப் போகிறது, வயிறு கட்டுகிறது என்று பாதி நாள் போடுவதில்லை. பீட்ரூட்டும் மாதுளையும் தினமும் வாங்கித் தருகிறேன். போதுமா?

கிராம_செவிலி

தம்பி, தாராளமாக எழுதுங்கள். நீங்கள் கேட்பதே பெரிய உதவி.

பீட்ரூட்டும் மாதுளையும் சிவப்பாக இருக்கின்றனவே தவிர அவற்றில் இரும்பு குறைவு. சாப்பிடட்டும், ஆனால் அதை மட்டும் நம்பி மாத்திரையை விடக் கூடாது. கர்ப்பத்தில் ரத்தத்தின் நீர்ப்பகுதி பாதிக்குப் பாதி கூடுவதால் எல்லோருக்குமே எண்ணிக்கை கொஞ்சம் இறங்கும். 9.4 அதையும் தாண்டிய குறைவு. 11-க்குக் கீழே இருந்தால் ஒரு மாத்திரைக்குப் பதில் இரண்டு கொடுப்பார்கள். செவிலியரிடம் கேளுங்கள். ஒரு மாசத்தில் ஏறாவிட்டால் இரும்புச்சத்தை டிரிப்ஸில் ஏற்றுவார்கள், அதற்குப் பயப்பட வேண்டாம்.

மலம் கறுப்பாகப் போவது மாத்திரை காரணமாகத்தான், கெடுதல் இல்லை. ராத்திரி சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் எலுமிச்சைச் சாறோடு போடச் சொல்லுங்கள். டீ, காபியோடு வேண்டாம். கால்சியம் மாத்திரையோடு சேர்த்தும் வேண்டாம். இரண்டுக்கும் நடுவில் இரண்டு மணி நேரமாவது இடைவெளி இருக்கட்டும், இல்லையென்றால் இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ளாது. பல வீடுகளில் மாத்திரையை எல்லாம் ஒரே வாயில் போட்டுவிடுகிறார்கள். மலச்சிக்கலுக்குக் கொய்யா, கீரை, ஊறவைத்த உலர் திராட்சை, நிறையத் தண்ணீர். இரண்டாம் பருவத்தில் ஒரு தடவை கொடுக்கும் பூச்சி மாத்திரையைப் போட்டாரா என்றும் கேளுங்கள். கொக்கிப்புழு இருந்தால் எதைச் சாப்பிட்டாலும் ரத்தம் ஊறாது.

அசைவம் சாப்பிடுவீர்கள் என்றால் சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்) நல்லது, நன்றாக வேக வேண்டும். ஈரலை மட்டும் அடிக்கடி கொடுக்காதீர்கள், அதில் வைட்டமின் ஏ மிக அதிகம்.

அப்புறம், இரண்டு பேருக்குச் சேர்த்துச் சாப்பிடச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். கூடுதலாகத் தேவைப்படுவது நாளுக்குச் சுமார் 350 கலோரி. ஒரு டம்ளர் பால், ஒரு முட்டை, ஒரு கிண்ணம் சுண்டல் சேர்த்தால் வந்துவிடும். இன்னொரு தட்டுச் சோறு தேவையில்லை.

பூங்கொடி_சேலம்

எல்லாம் சரி. ஆனால் ஒன்று கேட்கிறேன். சூட்டு வலி என்று ஒன்று இல்லவே இல்லை என்பது மாதிரி பேசுகிறீர்களே. எங்கள் பாட்டி எட்டுப் பிள்ளை பெற்றவர். உடம்பில் சூடு ஏறினால் வலி வரும், சீரகக் கஷாயமும் உள்ளங்காலில் விளக்கெண்ணெயும் வைத்தால் இறங்கும் என்பார். எனக்கும் அப்படித்தான் இறங்கியது. எதற்கெடுத்தாலும் மருத்துவமனைக்கு ஓடினால் அங்கே அட்மிஷன் போட்டு ஊசி, டிரிப்ஸ் என்று பணம் கரைகிறது. பயமுறுத்தித்தான் கர்ப்பிணிகளுக்குப் பாதி நோய் வருகிறது.

ரேவதி_ஈரோடு

பூங்கொடி அக்கா, பணம் கரைவது நிஜம். அதற்காகத்தான் நான் இரண்டாவதுக்கு அரசு மருத்துவமனையில் பதிந்தேன். ஆனால் அக்கா கஷாயத்தைக் குடிக்காதே என்று சொல்லவில்லையே. கஷாயம் குடித்து எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதுதான் கேள்வி.

கிராம_செவிலி

பூங்கொடி, உன் பாட்டி சொன்னதை நான் தள்ளவில்லை. உடம்பில் நீர் குறைந்தால் கர்ப்பப்பை இறுகும், நீர் உள்ளே போனால் தளரும். பெரியவர்கள் அதைச் சூடு என்று புரிந்துகொண்டார்கள். பத்தாம் மாசத்தில் கஷாயம் வைத்துப் பார்ப்பதில் நஷ்டம் இல்லை. நிஜ வலி என்றால் கூடிக்கொண்டே போகும், பிரசவம் ஆகும். ஆனால் ஆறு, ஏழாம் மாசத்தில் அதே கஷாயத்தை வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்கக் காத்திருந்தால் நிலைமை வேறு.

குறைமாதத்தில் வலி எடுத்தால், குழந்தையின் நுரையீரல் முதிர்வதற்குத் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். அதன் முழுப் பலன் கிடைக்க ஒரு நாள் ஆகும். மாலையில் வந்தவளுக்கு ஊசி போட்டு, வலியைத் தள்ளிப்போட மருந்தும் கொடுத்து, அந்த ஒரு நாளைச் சம்பாதித்துவிடலாம். கர்ப்பப்பை வாய் முழுக்கத் திறந்தபின் விடியற்காலையில் வந்தால் எந்த டாக்டராலும் அந்த நேரத்தைத் திருப்பித் தர முடியாது. நான் கஷாயத்தைப் பற்றிக் கவலைப்படவில்லை. அந்த ஒரு ராத்திரியைப் பற்றித்தான் கவலைப்படுகிறேன்.

ஏழாம் மாசக் குழந்தை பிழைக்கும், எட்டாம் மாசக் குழந்தை பிழைக்காது என்று இன்னொரு பேச்சு உண்டு. முழுத் தப்பு. உள்ளே இருக்கும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்குப் பலம்தான். அந்தப் பேச்சை நம்பி ஏழில் வலி வந்தால் பரவாயில்லை என்று இருக்கும் மாமியார்களைப் பார்த்திருக்கிறேன்.

போவதும் எங்கே என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். குறைமாதக் குழந்தைக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு பக்கத்துத் தெரு நர்சிங் ஹோமில் இருக்காது. உங்கள் மாவட்டத்துச் சீமாங் மையமோ (அவசரப் பிரசவத்தையும் பச்சிளம் குழந்தையையும் பார்க்கும் அரசு மையம்) மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ எங்கே என்று இப்போதே கேட்டு வையுங்கள். 108-க்குப் பணம் கிடையாது. போவதா வேண்டாமா என்று தெரியவில்லை என்றால் 104-க்குக் கூப்பிட்டு ஆலோசனை கேட்கலாம்.

இறுக்கத்தைப் போலவே காத்திருக்கக் கூடாதவை இன்னும் உண்டு. விடாத தலைவலி, கண் முன்னால் பூச்சி பறப்பது, நெஞ்சுக்குழிக்குக் கீழே வலி, முகமும் கையும் திடீரென்று வீங்குவது: பிரஷர் பார்க்க வேண்டும், 140/90 எட்டினால் விடக் கூடாது. சாயங்காலம் கால் மட்டும் வீங்கிக் காலையில் வடிந்தால் அது சகஜம். உள்ளங்கை, உள்ளங்காலில் தடிப்பே இல்லாமல் ராத்திரியில் அரிப்பு தாங்கவில்லை என்றால் ஈரல் பரிசோதனை வேண்டும், வயிற்றுத் தோல் விரிந்து அரிப்பது வேறு.

பூங்கொடி_சேலம்

அந்த ஊசி விஷயம் எனக்குத் தெரியாது அக்கா. நேரக் கணக்கு புரிகிறது. என் தங்கைக்கு இப்போது 23 வாரம், அவளிடம் இதைக் காட்டுகிறேன்.

கவின்மலர்

எல்லோருக்கும் நன்றி. எழுதியே ஆக வேண்டும் என்று வந்தேன். முந்தாநாள் மதியத்திலிருந்து இறுக்கம் அடிக்கடி வந்தது. தண்ணீர் குடித்துப் படுத்தும் நிற்கவில்லை. அத்தையிடம் இந்த இழையைப் படித்துக் காட்டினேன். அவரே ஆட்டோ பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். சிறுநீர் பரிசோதனை செய்து, உள்வழி ஸ்கேனில் கர்ப்பப்பை வாயின் நீளம் பார்த்தார்கள். நீளம் 36 மில்லிமீட்டர், நன்றாக இருக்கிறது என்றார்கள். சிறுநீரில் கிருமித் தொற்று இருந்ததாம். எனக்கு எரிச்சலோ நீர்க்கடுப்போ எதுவுமே இல்லை! ஒரு ராத்திரி வைத்திருந்து, மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இப்போது இறுக்கம் எப்போதாவதுதான். எரிச்சல் இல்லாமல் தொற்று எப்படி வரும் அக்கா?

கிராம_செவிலி

நல்லவேளை போனாய். அத்தைக்கு என் வணக்கத்தைச் சொல்.

கர்ப்பத்தில் சிறுநீர்க் குழாய்கள் தளர்ந்துவிடும், மேலே கர்ப்பப்பையும் அழுத்தும். நீர் தேங்கும் இடத்தில் கிருமி சுலபமாகப் பெருகும். பலருக்கு அறிகுறியே இருக்காது. அந்தத் தொற்று கர்ப்பப்பையைச் சீண்டி இறுகவைக்கும், விட்டால் குறைமாதப் பிரசவத்துக்கும் காரணமாகலாம். அதனால்தான் ஒவ்வொரு செக்கப்பிலும் சிறுநீர் கேட்கிறார்கள். சரியாகிவிட்டது என்று நாலாம் நாள் மாத்திரையை நிறுத்தாதே. கொடுத்த நாள் முழுக்கப் போட்டு, முடிந்தபின் இன்னொரு தடவை சிறுநீர் கொடுத்துப் பார். அடக்கிவைக்காதே, பஸ் பயணம் என்று தண்ணீரைக் குறைக்காதே.

தேன்மொழி_மதுரை

கவின், நிம்மதியாக இருக்கிறது. எனக்குச் சர்க்கரை 128 வந்தது, வரம்புக்குள்தான். வளைகாப்பு அடுத்த மாசம். அக்கா, கடைசியாக ஒன்று. எனக்கு ரத்த வகை ஓ நெகட்டிவ், அவருக்கு பி பாசிட்டிவ். 28 வாரத்தில் ஒரு ஊசி போட வேண்டும் என்றார்கள். விலை அதிகம் என்கிறார்களே, முதல் குழந்தைக்கு அவசியமா?

கிராம_செவிலி

அவசியம். குழந்தை பாசிட்டிவாக இருந்து அதன் ரத்தம் துளி கலந்தாலும் உன் உடம்பு அதற்கு எதிராகத் தயாராகிவிடும். பாதிப்பு பெரும்பாலும் அடுத்த குழந்தைக்குத்தான். ஊசிக்கு முன்னால் ஐ.சி.டி. என்று ஒரு ரத்தப் பரிசோதனை எடுப்பார்கள். அது நெகட்டிவ் என்றால் 28 வாரத்தில் ஆன்டி-டி ஊசி ஒன்று. பிறந்த குழந்தை பாசிட்டிவ் என்றால் 72 மணி நேரத்துக்குள் இன்னொன்று. பணம் சிரமம் என்றால் அரசு மருத்துவமனையில் கேள். வளைகாப்பு முடிந்து பிறந்த வீட்டுக்குப் போகிறாய் என்றால் அதற்குள் 28 வாரம் வந்துவிடும், ஊசி எங்கே போடுவது என்று இப்போதே பேசிவை. பிக்மி எண் (அரசின் கர்ப்பப் பதிவு எண்), ரத்த வகைச் சீட்டு, ஸ்கேன் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டு உன்னோடு எடுத்துக்கொண்டு போ. நடுவில் எங்கே ரத்தக்கசிவு வந்தாலும், வயிற்றில் அடிபட்டாலும், நான் நெகட்டிவ் என்று முதல் வார்த்தையாகச் சொல்.